கையில் ஊமன் காத்த வெண்ணெய்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஓசூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரி முடித்த பிறகு செய்தித்தாளும் வேலை சம்பந்தமான புத்தகங்களும் தவிர எதையும் படித்ததில்லை. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் வற்புறுத்தி ஒரு வாசிப்பு வட்டத்தில் சேர்த்துவிட்டார். கதைகளை ஓரளவு பின்தொடர முடிகிறது. கவிதையில்தான் திணறுகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு பொருள்தான். இரண்டு பொருள் வந்தால் அந்த ஆவணம் திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில், கவிதையைப் படிக்கும்போதெல்லாம் ‘இதை நேராகச் சொன்னால் என்ன?’ என்றே தோன்றுகிறது. பள்ளியில் உவமை அணி, உருவக அணி என்று விளக்கமும் சான்றும் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். இன்றைக்கு அவை வெறும் அலங்காரமாகத் தெரிகின்றன. வட்டத்தில் மற்றவர்கள் ‘இது குறியீடு, அது படிமம்’ என்று பேசும்போது எனக்கு மட்டும் எதுவும் கண்ணில் படவில்லையே என்று கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

கூச்சப்பட எதுவும் இல்லை. நீங்கள் துல்லியத்தைக் கேட்கிறீர்கள். இலக்கியத்திடம் கேட்க வேண்டியதும் அதுதான். நேராகச் சொல்ல வேண்டியவற்றை நேராகத்தான் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை யாரும் உவமையில் எழுதக் கூடாது. ஆனால் நேர்வாக்கியத்தில் எழுதினால் பாதி காணாமல் போகும் விஷயங்கள் இருக்கின்றன. நல்ல உவமை அந்த இடத்தில்தான் வருகிறது. இதை ஒரு பாட்டை வைத்துக் காட்டுகிறேன். பொதுவாகப் பேசினால் மறுபடியும் பள்ளிக்கூட விளக்கத்துக்கே போய்விடுவோம்.

குறுந்தொகையின் 58ஆம் பாட்டு. பாடியவர் வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவர். பாட்டில் பேசுகிறவன் ஆண். காதலில் நிலைகுலைந்து நிற்கும் அவனைத் தோழன் கடிந்துகொள்கிறான். அதற்கு அவன் சொல்லும் பதில் இது:

இடிக்கும் கேளிர் நும்குறை ஆக
நிறுக்கல் ஆற்றினோ நன்றுமன் தில்ல
ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்றுகொளற்கு அரிதே

என்னைக் கடிந்துகொள்ளும் நண்பரே, உம் வேலையாக எடுத்துக்கொண்டு இதைத் தடுத்து நிறுத்த முடியுமானால் நல்லதுதான். வெயில் காயும் சூடான பாறை. அதில் வெண்ணெய். காவலுக்கு இருப்பவன் கையில்லாதவன், ஊமை. கண்ணால் மட்டும் காவல் காக்கிறான். அந்த வெண்ணெய் போல இந்த நோய் பரவிவிட்டது, பொறுத்துக்கொள்ள அரிதாக இருக்கிறது.

இப்போது உவமையை எடுத்துவிடுங்கள். ‘இந்த நோய் பரவிவிட்டது, தாங்க முடியவில்லை’ என்பது மிஞ்சும். அழகு குறைந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள், என்னென்ன தகவல்கள் போயின என்று கணக்கெடுங்கள். தோழனின் குற்றச்சாட்டு என்ன? உனக்குப் புத்தி இல்லையா, என்ன நடக்கிறது என்று தெரியவில்லையா என்பதுதான். அவனுக்கு எல்லாம் தெரிகிறது. காவல்காரனின் கண் நன்றாகவே இருக்கிறது, ஒவ்வொரு துளி உருகுவதையும் அது பார்க்கிறது. இல்லாதவை எடுத்து நிழலில் வைக்கக் கையும், யாரையாவது கூப்பிட வாயும். அறிவு இருக்கிறது, வழி இல்லை. ‘தாங்க முடியவில்லை’ என்ற வாக்கியத்தில் இந்தச் செய்தி இல்லவே இல்லை.

அப்புறம், காலம். உருகிப் பரந்த வெண்ணெயைத் திரும்ப உருட்டி வைக்க முடியாது. வெயிலும் இறங்கவில்லை. தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் இழப்பு.

வேறொன்றும் இருக்கிறது, இந்தப் பாட்டில் நான் மிகவும் நேசிப்பது அதைத்தான். இந்தக் காட்சியில் கையும் வாயும் உள்ளவர் எவரும் இல்லை. ஆனால் பாட்டுக்குள் ஒருவர் இருக்கிறார். கடிந்துகொள்ளும் அந்தத் தோழன்! ‘நும்குறை ஆக’ என்ற முதல் வரியோடு சேர்த்து வாசித்தால், ‘உனக்குத்தான் கை இருக்கிறதே, நீ வா’ என்று அவன் கேட்பது எனக்குக் கேட்கிறது. கண்டிப்புக்குச் சொல்லும் பதில் போலத் தொடங்கியது, ஓர் உவமையின் வழியாக உதவி கேட்பதாக மாறிவிட்டது.

உங்கள் வேலையில் செய்வது போல இதைச் சோதித்துப் பாருங்கள். வெண்ணெயை எடுத்துவிட்டு நெல்லை வையுங்கள்: வெயில் நெல்லுக்கு நல்லது, பதற்றம் போய்விடும். காவல்காரனுக்குக் கை கொடுங்கள்: எடுத்து வைத்துவிடுவான். வாய் கொடுங்கள்: கூப்பிடுவான். கண்ணைப் பறியுங்கள்: உருகுவது தெரியாது, வேதனையும் இருக்காது. எதை மாற்றினாலும் பொருள் கெடுகிறது. அலங்காரம் என்றால் கழற்றி வைத்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்க வேண்டும் அல்லவா?

உங்களுக்கு உவமை அலங்காரமாகத் தெரிவதற்கு நீங்கள் பார்த்த சான்றுகளும் ஒரு காரணம். தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்கிறார். மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். துடி என்ற உடுக்கை போன்ற இடை வடிவத்தால் வந்தது, பவளம் போன்ற வாய் நிறத்தால் வந்தது. பாடப்புத்தகத்திலிருந்து நம் நினைவில் தங்குவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். ஒருவர் புதிதாகக் கண்டு சொன்னபோது அவையும் உயிரோடு இருந்திருக்கும். இன்று படிக்கும்போது அங்கே இடையும் இல்லை, துடியும் இல்லை. வெண்ணெய் உவமையோ வினையில் நிற்கிறது. உருகுதல், பரத்தல், பார்த்துக்கொண்டே இருத்தல் என்று எல்லாம் நடந்துகொண்டிருக்கின்றன. செயலில் பிறக்கும் உவமைகளில் கதையே இருக்கும். அவற்றிலிருந்து தொடங்குவது உங்களைப் போன்றவர்களுக்கு எளிது.

சரி, குறியீடு. உங்கள் நண்பர்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். குறுந்தொகை 8ஆம் பாட்டு ஆலங்குடி வங்கனார் பாடியது. தலைவனின் பரத்தை பேசுகிறாள். ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’ என்று அவனுடைய ஊரைச் சொல்லித் தொடங்குகிறாள். வயலோரத்து மாமரத்திலிருந்து பழம் தானாக விழுகிறது, நீரில் கிடக்கும் வாளை மீன் அதைக் கவ்வுகிறது. அவ்வளவுதான். ‘போல’ என்ற சொல்லே இல்லை. ஆனால் தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி அவள் பேசுகிறாள் என்று தெரிந்ததும் அந்த மீன் வேறாகிவிடுகிறது. ‘நான் தேடிப் போகவில்லை, மரமேறவில்லை, பழம்தான் விழுந்தது’ என்று அவள் சொல்லாமல் சொல்கிறாள். வாய்விட்டுச் சொன்னால் சண்டை வரும். ஊர் வருணனையை வைத்து யாரும் வழக்குப் பேச முடியாது. இதைத்தான் உள்ளுறை உவமம் என்கிறார்கள்.

கவனியுங்கள், மாமரமும் வாளையும் முதலில் மாமரமும் வாளையும்தான். மருத நிலத்தில் உண்மையாகவே நடக்கக்கூடியது அது. உள்ளுறைக்கு நிலத்தின் கருப்பொருள்களைக் கொள்ளலாம், தெய்வத்தை மட்டும் கொள்ளக் கூடாது என்று தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. மரம், மீன், பறவை என்று கண்ணால் பார்த்த பொருள்களிலிருந்தே உட்பொருள் எழுகிறது. எனவே ‘இது எதன் குறியீடு?’ என்று யாராவது கேட்டால், ‘அந்த மீன் என்ன செய்கிறது, அதை யார் யாரிடம் சொல்கிறார்கள்?’ என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குமேல் தேட வேண்டியிருக்காது. சிறுகதை வாசிக்கும்போதும் நான் இதையேதான் செய்கிறேன்.

அதே பாட்டு வெளிப்படையான உவமை ஒன்றோடு முடிகிறது. என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால், நாம் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் போல ஆகிவிடுகிறான் என்கிறாள். சில சொற்களில் ஒரு முழு மனிதன்.

இந்த ஆற்றலை நம் முன்னோர் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்குத் தொகைநூல்களே சாட்சி. சில புலவர்களை அவர்கள் சொன்ன உவமையால் மட்டுமே அறிகிறோம். செம்மண்ணில் பெய்த மழைநீரைச் ‘செம்புலப் பெயனீர்’ என்று பாடியவர் செம்புலப்பெயனீரார். நிலம் உழுவதற்கேற்ற ஈரத்தில் இருக்க, ஒரே ஏர் வைத்திருப்பவனின் பரபரப்பைக் காதலியைக் காண விரையும் மனத்துக்குச் சொன்னவர் ஓரேருழவனார். நெஞ்சு அவளிடம் போகச் சொல்கிறது, அறிவு எடுத்த வேலையை முடிக்கச் சொல்கிறது; நடுவில் தன் உடம்பு, இரண்டு களிறுகள் எதிரெதிராகப் பிடித்து இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல அறுந்துவிடுமோ என்று நற்றிணையில் கேட்டவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். அவர்களுடைய சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். குறுந்தொகையிலிருந்தே தொடங்குங்கள். பாடல்கள் அநேகமாக நான்கு முதல் எட்டு அடிகள்தான். 1937இல் வந்த உ.வே.சாமிநாதையரின் உரை உங்களுக்கு ஏற்றது, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லிவிட்டே நகர்வார். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பாடல்களை உரையோடு படிக்கலாம். வரிசையாகப் படித்து முடிக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு, உரையைப் படித்த பிறகு மூடி வைத்துவிட்டு, யார் யாரிடம் பேசுகிறார்கள், காட்சியில் என்ன இருக்கிறது, எதை மாற்றினால் கெடும் என்று மட்டும் பாருங்கள்.

முதலில் 41ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதலர் அருகில் இருந்தால் விழா நடக்கும் ஊர் போல மகிழ்வேன் என்கிறாள் ஒருத்தி. அவர் பிரிந்தால், மக்கள் விட்டுப்போன சிற்றூரில் அணில் ஆடும் முற்றத்தையுடைய வீடு போலப் பொலிவிழந்து வருந்துவேன் என்கிறாள். பாடிய புலவருக்கும் அந்த உவமையே பெயர், அணிலாடு முன்றிலார். வெறும் வீடு என்றே சொல்லியிருக்கலாம், அங்கே ஓர் அணிலை எதற்காக விளையாட விட்டார்? அணில் இல்லாமல் ஒருமுறை, அணிலோடு ஒருமுறை வாசித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். என் பதிலை அதன் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்.