எம்டனுக்கு முன்னால் ஒரு ஃபிளெட்சர்

கேள்வி: சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதற்கான கல்வெட்டைப் பார்த்ததிலிருந்து, அந்தக் கப்பலை பிளாஸ்டிக் கிட் வாங்கிச் செய்ய ஆசை. இதுவரை எதையும் ஒட்டியதில்லை. நேராக எம்டனையே வாங்கலாமா? பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் கட்டாயம் வேண்டுமா? (ஒரு வாசகர், பெரம்பூர்)

எம்டனைக் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் இரண்டாவதாக. ரெவல் கம்பெனியின் எம்டன் 1/350 அளவு. நிஜக் கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர், உங்கள் மேசையில் 34 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பத்து பீரங்கிகள், படகுகள், கொடிமரங்கள் என்று பொடிப் பாகங்கள் நிறைய. பழகாத கையில் பாதியில் பெட்டியை மூடிவிடுவீர்கள்.

முதலில் டாமியாவின் 1/700 ஃபிளெட்சர் வாங்குங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 175 கட்டிய நாசகாரிக் கப்பல் வகை அது. கைக்கு அடக்கமாக 16 சென்டிமீட்டர்தான். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி இதில் கிடையாது, அதனால் பெயிண்ட் வேலையும் குறைவு.

ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். தட்டையான நல்ல பிரஷ் ஒன்று, அக்ரிலிக் பெயிண்ட், மாஸ்கிங் டேப் போதும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். அச்சின் எண்ணெய்ப்பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பெயிண்டைப் பால் மாதிரி நீர்க்கவைத்து மூன்று முறை பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பயந்துபோய் அதன் மேலேயே உடனே தேய்க்காதீர்கள், காயட்டும். பீரங்கிகளையும் இரண்டு புகைப்போக்கிகளையும் தனியாகப் பூசி, கடைசியில் ஒட்டுங்கள்.

அந்தக் கப்பல்களில் பலவற்றுக்கு மெஷர் 22 என்ற பெயிண்ட் முறை இருந்தது. கீழே கருநீலம், மேலே வெளிர் சாம்பல், நடுவே ஒரே நேர்க்கோடு. புதியவர்கள் தவறுவது இங்கேதான். கப்பலின் முன்பக்கம் தளம் மேலேறும், கோடும் கூடவே ஏற வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏறக் கூடாது. தளம் மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தின் உயரத்திலேயே கடல் மட்டத்துக்கு இணையாகப் போக வேண்டும்.

அதற்கு நான் கேரம் காய்களைத்தான் அடுக்குவேன். கண்ணாடிப் பலகையில் கப்பலை வைத்து, பக்கத்தில் தேவையான உயரத்துக்குக் காய்களை அடுக்கி, மேலே பென்சிலைப் படுக்கவைத்து டேப்பால் ஒட்டிவிட வேண்டும். அடுக்கை அசைக்காமல் கப்பலை மட்டும் பென்சில் முனையில் உரசியபடி நகர்த்தினால் சுற்றிலும் கோடு விழும். கோடு போடுவதற்கு முன்பே முழுக்கச் சாம்பல் அடித்துவிடுங்கள். காய்ந்ததும் கோடு போட்டு, அதற்கு மேலே டேப் ஒட்டி, அதன் ஓரத்தைப் பல்குச்சியால் அழுத்துங்கள். அந்த ஓரத்தில் இன்னொரு தடவை சாம்பலையே மெல்லப் பூசுங்கள். ஓரத்தின் இடுக்குகள் அடைபட்டுவிடும், அப்புறம் கீழே நீலம் பூசினால் உள்ளே கசியாது. டேப்பை உரிக்கும்போது அந்தக் கோடு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

எம்டனுக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள். அமைதிக் காலத்தில் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த எம்டன் வெள்ளை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட எம்டனுக்குச் சாம்பல்தான் அடிக்க வேண்டும்.

கேள்வி: பெட்டிக்கடை சூப்பர் குளூ போதாதா? (ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

போதாது. பிளாஸ்டிக் சிமெண்ட் வாங்குங்கள், நீர் மாதிரி இருக்கும் வகை. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடி பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைத்துவிடும். சூப்பர் குளூவின் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். என் முதல் கப்பலில் கேப்டன் நிற்கும் மேல்தள அறை அப்படித்தான் வெள்ளை பூத்தது, மறுபடி முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. உலோகப் பாகம் ஒட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் எடுக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.