கன்னியாகுமரிக்கு ஒரே நாளில்: பட்டறைக்காரர் பதில்கள்

நாங்கள் எட்டு நண்பர்கள். பொங்கல் விடுமுறையில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே நாளில் பைக்கில் போக ஆசை. மூன்று புல்லட், இரண்டு பல்சர் 150, ஒரு அப்பாச்சி, ஒரு பழைய ஆர்சி 390, ஒரு ஸ்பிளெண்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிடலாமா?
(ஒரு வாசகர், குரோம்பேட்டை)

பார்க்க முடியாது. மறுநாள் காலை உதயத்தைப் பாருங்கள், அதற்குத் தாராளமாக நேரம் இருக்கும்.

சென்னை - கன்னியாகுமரி ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் பைக்குக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் 80. உங்கள் ஸ்பிளெண்டரை நாள் முழுக்க 80-ல் விரட்டினால் அது ஓடும், ஓட்டுபவர் கையும் இடுப்பும் ஓடாது. 65-70 தான் அதற்கு நியாயமான வேகம். நடுவில் பாலம் வேலை, ஊர் முனை, எதிர்த்திசையில் வரும் டிராக்டர் எல்லாம் சேர்ந்தால் சராசரி 58-க்கு மேல் வராது. ஆக, சக்கரம் சுற்றும் நேரம் மட்டுமே 12 மணி நேரம்.

அப்புறம் நிற்கும் நேரம். இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பட்டறை மேல்மருவத்தூர் பக்கம் ஜிஎஸ்டி சாலையோரம். எதிரில் ஒரு டீக்கடை. சனி, ஞாயிறு விடியலில் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார்கள். தலைவர் "கிளம்பலாம்" என்பார். எல்லோரும் கிளவுஸ் மாட்டி, ஹெல்மெட் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக இருப்பார்கள். அப்போது ஒருவருக்கு ஒன்றுக்கு வரும். அவர் போய் வருவதற்குள் இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றி சிகரெட் பற்றவைப்பார். மூன்றாமவர் "அப்ப இன்னொரு டீ" என்பார். தனி ஆளுக்குப் பத்து நிமிடத்தில் முடியும் நிறுத்தம் எட்டுப் பேருக்கு அரை மணி நேரம். ஏழு இடத்தில் நின்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையில் முறுக்கி மிச்சம் பிடிக்கும் நேரமெல்லாம் டீக்கடையில் போய்விடும்.

அதனால் வேகத்தை விட்டுவிட்டு, எங்கே நிற்பது, எத்தனை நிமிடம் என்பதை முதலில் எழுதுங்கள். நான் போடும் கணக்கு இது. காலை 4 மணிக்குப் பெருங்களத்தூர். 6 மணிக்கு விக்கிரவாண்டி டோல் தாண்டி டீ, 20 நிமிடம். எட்டரைக்குப் பெரம்பலூர், இட்லி, முக்கால் மணி நேரம். பதினொன்றே காலுக்குத் துவரங்குறிச்சி, தண்ணீர், நிழல். ஒரு மணிக்கு மதுரை ரிங் ரோட்டைத் தாண்டிக் கப்பலூர், சாப்பாடு, ஒரு மணி நேரம். முக்கால் நாலுக்குக் கோவில்பட்டி. ஆறு மணிக்குள் நாங்குநேரி. ஏழு மணிக்குக் கன்னியாகுமரி. கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் ஓட்ட வேண்டும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பெட்ரோல் நிறுத்தத்தை முடிவு செய்வது ஸ்பிளெண்டர் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அது பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைந்த டேங்கை வைத்துக்கொண்டு நானூறு கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். உங்கள் கூட்டத்தில் முதலில் தாகம் எடுப்பது ஆர்சி-க்குத்தான். பழைய மாடலின் டேங்க் பத்து லிட்டர் அளவு, 250-ஐத் தாண்டினாலே அவர் கண் பங்க்கைத் தேடும். ஆகவே விக்கிரவாண்டி, பெரம்பலூர், மதுரை, கோவில்பட்டி என்று அவருக்காக வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாதவர் டேங்க் மூடியைத் திறக்கவே வேண்டாம். வரிசை பாதியாகும்.

பொங்கலுக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். ஊருக்குப் போகும் கார்களுக்கும் பஸ்களுக்கும் நடுவில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எட்டு பைக் ஒன்றாகப் போகவே முடியாது. தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பாருங்கள்.

கூட்டமாகப் போகும்போது யார் முன்னால், யார் பின்னால்? வேகமான வண்டி முன்னால் போவதுதானே வசதி?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

வேகமான வண்டிக்கு வசதி. மற்றவர்களுக்குத் தண்டனை.

ஒன்று யோசியுங்கள். முன்னால் போகிறவர் 70-ல் போகிறார். வழியில் ஒரு டாரஸ் லாரி. முதல் இருவர் தாண்டிவிட்டார்கள். மூன்றாமவருக்கு இடம் கிடைக்கவில்லை, காத்திருந்து தாண்டுகிறார். அதற்குள் முன்னவர்கள் அரை கிலோமீட்டர் போய்விட்டார்கள். இவர் பிடிக்க 80 போக வேண்டும். இவருக்குப் பின்னால் இருப்பவர் 85. கடைசி ஆள் 95. முன்னால் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது, அவர் மீட்டர் 70 தான் காட்டுகிறது. கூட்டத்தின் வேகம் கடைசி ஆளின் மீட்டரில்தான் இருக்கிறது. மாலையில் அவர் ஏன் அவ்வளவு களைத்துப்போனார் என்பதற்கு விடையும் அதிலேயே இருக்கிறது.

ஆகவே முன்னால் பொறுமைசாலி. அவருக்கு நேர் பின்னால், இரண்டாவதாக, கூட்டத்திலேயே மெதுவான வண்டி அல்லது புதிதாக நெடுஞ்சாலைக்கு வருபவர். அப்போதுதான் தலைவரின் கண்ணாடியில் அவர் எப்போதும் தெரிவார். கடைசியில் அதிக அனுபவசாலி. டூல்ஸ், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரிடம். யார் நின்றாலும் அவர் நிற்பார்.

நேர் சாலையில் ஒருவர் தடத்தின் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறிப் போங்கள். உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவர் ஒரு மைல்கல்லைத் தாண்டி இரண்டு விநாடி கழித்து நீங்கள் தாண்ட வேண்டும். வளைவிலும் ஊருக்குள்ளும் ஒற்றை வரிசை. ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போவது மட்டும் எங்கேயும் கூடாது. குழி வந்தால் விலக இடம் இருக்காது.

பிரிந்துவிட்டால் துரத்தாதீர்கள். அடுத்த நிறுத்தம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் துரத்த அவசியமே இல்லை. இதற்கு டோல்கேட் நல்ல அடையாளம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, திருமாந்துறை, சமயபுரம் என்று வரிசையாக வரும், பெயர் மறக்காது. பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத் தடத்தில் வெளியே வந்துவிடலாம். தாண்டியபின் சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள். வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் ஒரு முறை போட்டால் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான். காலை நாலு மணிக்குப் போட்டது நடுப்பகலில் அணைந்துவிடும், சாப்பாட்டு இடத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள்.

எட்டுப் பேர் என்றால் இரண்டு நாலாகப் பிரியுங்கள். சின்ன வண்டிகள் கால் மணி நேரம் முன்னால் கிளம்பட்டும். டீக்கடையில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்? சர்வீஸ் விட்டு ஒரு மாதம்தான் ஆகிறது.
(ஒரு வாசகர், காஞ்சிபுரம்)

ஒரு மாதத்தில் நீங்கள் எவ்வளவு ஓட்டினீர்கள் என்பது எனக்குத் தெரியாது, செயினுக்குத் தெரியும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கீழ்ச் செயினின் நடுவில் ஒரு விரலால் மேலே தூக்கிப் பாருங்கள், எவ்வளவு ஆடுகிறது என்று. இதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் பின்சக்கரத்தைக் கால் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். இன்னொரு கால் சுற்று. ஒரு இடத்தில் தளர்வாகவும் இன்னொரு இடத்தில் விறைப்பாகவும் இருந்தால் அந்தச் செயின் ஒரே சீராகத் தேயவில்லை. தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால் விறைத்த இடம் இன்னும் விறைத்து, 700 கிலோமீட்டரில் பேரிங்கைப் பதம் பார்க்கும். அப்படி இருந்தால் செயின் ஸ்பிராக்கெட்டை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். நல்ல செயின் என்றால் லூப் (செயினுக்கான எண்ணெய்) அடித்தால் போதும். அதையும் முந்தின நாள் இரவே, வண்டி ஓடி வந்த சூட்டோடு அடியுங்கள். காலையில் அடித்தால் பாதி உங்கள் பேன்ட்டில் இருக்கும்.

ஸ்போக் வீல் வண்டி என்றால் உள்ளே டியூப். ஆணி ஏறினால் ஊசியில் ரப்பர் சொருகும் கிட் உதவாது, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஸ்பேர் டியூபும் ஆக்சில் ஸ்பேனரும் கையில் இருக்கட்டும். விடியற்காலை அஞ்சு மணிக்கு எந்தப் பஞ்சர் கடையும் திறந்திருக்காது. காற்று எவ்வளவு என்பது வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும், டயர் சூடேறும் முன் பாருங்கள். பிரேக், லைட் பார்க்கச் சொல்லவே வேண்டாம்.

குழுவுக்குப் பெயர் வைத்து டி-ஷர்ட் அடிக்க ஒரு மாதம் ஒதுக்குகிறார்கள். செயினுக்குப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை.

என் மகனுக்கு 23 வயது. நண்பர்கள் ஆறு பேருடன் ஒரே நாளில் திருநெல்வேலி போகிறானாம். எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படித் தடுப்பது?
(ஒரு வாசகி, வேலூர்)

தடுக்காதீர்கள், அம்மா. தடுத்தால் "ஆபீஸ் டூர்" என்று சொல்லிவிட்டுப் போவான், அப்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. அதைவிடச் சில கேள்விகள் கேளுங்கள். கடைசியில் வருவது யார்? முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுப்பாய்? அன்றே திரும்புகிறீர்களா, தங்குகிறீர்களா? இதற்கு உடனே பதில் வந்தால் பையன் யோசித்திருக்கிறான். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றால் அப்போது நீங்கள் சத்தம் போடலாம்.

ஹெல்மெட்டையும் நீங்களே சோதிக்கலாம். அவனை மாட்டி வாரை இறுக்கச் சொல்லுங்கள். பின்னால் நின்று, ஹெல்மெட்டின் அடிவிளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக உருட்டிக் கழற்றப் பாருங்கள். கழன்று வந்தால் அது தலைக்கு ஆகாது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி. பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரையும் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

அன்றைக்கு அவனுக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். நின்ற இடத்திலிருந்து அவன் செய்யட்டும். 108-ஐ எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்று ஒரு எண் இருக்கிறது, அதையும் அவன் போனில் பதியச் சொல்லுங்கள்.

மதியத்துக்கு மேல் தூக்கம் வருகிறதே, டீ குடித்தால் போதாதா?
(ஒரு வாசகர், ஈரோடு)

போதாது. விருதுநகர் தாண்டி சாத்தூர், கோவில்பட்டி வரை சாலை கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். இருபுறமும் கரிசல் காடு, வெயில், ஒரே சத்தத்தில் என்ஜின். மதுரையில் பிரியாணியோ பரோட்டாவோ ஒரு பிடி பிடித்துவிட்டு அந்தச் சாலையில் ஏறினால் கண் தானாகச் செருகும். தயிர் சாதம் போதும். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்து வந்த ஊர்ப் பலகை நினைவில் இல்லை என்றாலோ, இடது கையைத் தூக்கிக் காட்டி நின்றுவிடுங்கள். இருபது நிமிடம் படுத்து எழுந்தால் சரியாகும். ஒருவருக்காக எல்லோரும் நிற்க வேண்டும். இதில் கேலி பேசுபவரை அடுத்த முறை கூட்டிப் போகாதீர்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்குங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, பையில் உருகாது.

ஆடி மாதம் காவல்கிணறு பக்கம் காற்று வண்டியையே தள்ளியது. ஒரு பஸ் தாண்டும்போது கிட்டத்தட்ட அதன் மேலேயே போய்விட்டேன். என் வண்டியில் கோளாறா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

வண்டியில் ஒன்றும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கின்றன? நீங்கள் தெற்கு நோக்கிப் போகும்போது காற்று வலப்பக்கம் அடிக்கிறது. உங்களை அறியாமலே வண்டியை வலப்பக்கம் சாய்த்துச் சமாளிக்கிறீர்கள். பஸ் வலப்பக்கம் வந்ததும் காற்று நின்றுவிடுகிறது, சாய்வு மட்டும் இருக்கிறது. வண்டி பஸ்ஸை நோக்கிப் போகிறது. பஸ் தாண்டியதும் காற்று மறுபடி ஓங்கி அறைந்து இடப்பக்கம் தள்ளுகிறது. பஸ் கண்ணாடியில் தெரியும்போதே 50-க்கு இறங்கி, தடத்தின் இடப்பக்கம் ஒதுங்கி, முழங்காலால் டேங்கை அணைத்து, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் உங்கள் தோள் வாங்கும் அறையும் ஹேண்டிலுக்குப் போகும். பின் சீட்டில் உயரமாக மூட்டை கட்டாதீர்கள், அது பாய்மரம். கூட்டமாகப் போனால் இங்கே ஒற்றை வரிசை, இடைவெளி இரட்டிப்பு.

24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டினால் அமெரிக்காவில் சான்றிதழ் தருகிறார்களாமே? குழுவாகச் செய்யலாமா?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

அயர்ன் பட் அசோசியேஷன் தரும் சேடில்சோர் 1000. ஏறக்குறைய 1,610 கிலோமீட்டர். பெட்ரோல் பில், ஓடோமீட்டர் கணக்கு, சாட்சிக் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். நம் ஊர்க்காரர்களும் செய்திருக்கிறார்கள். ஆனால் எட்டுப் பேர் கூட்டத்துக்கு வேண்டாம். எண்பது வேக வரம்பில் அந்தக் கணக்கு முடிய வேண்டுமென்றால் நிற்கும் நேரம் மொத்தமே மூன்று, மூன்றரை மணி நேரம்தான். அதில் ஒருவர் செருப்பைத் தேடினால்கூடத் தவறிவிடும். தனியாக, அல்லது பழகிய ஒருவருடன். அதுவும் 700-ஐச் சிரமமில்லாமல் முடித்தபிறகு.

திரும்பி ஓட்டி வர உடம்பு இடம் கொடுக்காவிட்டால்?
(ஒரு வாசகர், தாம்பரம்)

ரயிலில் ஏற்றிவிடுங்கள். நாகர்கோவில் ஜங்ஷன் பார்சல் ஆபீஸுக்கு ஆர்சி புத்தக நகலும் அடையாள அட்டையும் கொண்டுபோனால் புக் செய்யலாம். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, அதனால் முந்தின நாள் இரவு ஃபுல் டேங்க் அடிக்காதீர்கள். வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்ட ஸ்டேஷன் வாசலிலேயே ஆட்கள் இருப்பார்கள். கூலியை முதலில் பேசிவிடுங்கள், கண்ணாடிகளைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.