மரப்பொந்தில் பார்த்த பெரிய சிலந்தி எந்தச் சிற்றினம் என்று எப்படி உறுதி செய்வது?

காட்டு மரத்தின் பொந்தில் உள்ளங்கை அளவு மயிரடர்ந்த சிலந்தியைப் பார்த்திருக்கிறீர்கள், மேலிருந்து ஒரு படம் எடுத்திருக்கிறீர்கள், பெயர் கேட்கிறீர்கள். அந்த ஒரு படத்தை வைத்துச் சிற்றினப் பெயர் சொல்லாதீர்கள், சொல்பவர்களையும் நம்பாதீர்கள். நிறம் அவ்வளவு ஏமாற்றும். தோலுரிப்பதற்கு முன் சாம்பல் பூத்துக் கிடந்த சிலந்தி, உரித்த மறுவாரம் புதுப்பட்டு போல மின்னுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு படங்களையும் காட்டினால் வெவ்வேறு இனம் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

முதலில் நச்சுப்பற்களைப் பாருங்கள். பெரும்பாலான சிலந்திகளுக்கு அவை இடுக்கி போல எதிரெதிராக வந்து மூடும். டாரன்டுலாக்கள் அடங்கிய மைகலோமார்ஃப் வகைக்கு இரண்டும் இணையாக நின்று, கடப்பாரை இறங்குவது போல மேலிருந்து கீழே இறங்கும். அடிவயிற்றின் முன்பகுதியில் புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்கான இரண்டு ஜோடிப் புத்தக நுரையீரல்கள் நான்கு வெளிறிய திட்டுகளாகத் தெரியும்.

அடுத்தது குடும்பம். நச்சுப்பல் முளைக்கும் தடித்த பகுதியின் முனையில் மண் தோண்டும் முள்வரிசை இருந்தால், மூடி வைத்த வளையில் வாழும் சிலந்திகளின் பக்கம் தேடலாம். பாத நுனியில் நகத்தை மறைக்கும் மயிர்க்கற்றை இருந்தால் இரண்டு குடும்பங்களில் ஒன்றாக இருக்கலாம். அவற்றைப் பிரிக்க, பின்முனையில் நூல் வெளிவரும் நூற்பு உறுப்பைக் கவனியுங்கள். அதன் கடைசிக் கணு விரல் போல நீண்டிருந்தால் டாரன்டுலாக்களின் குடும்பமான தெராபோசிடே. குட்டையாகக் குமிழ் போல இருந்தால் பாரிகெலிடே என்ற மற்றக் குடும்பம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மரவாழ் டாரன்டுலாக்களான பீசிலோதீரியா பேரினத்தில் சிற்றினங்களைப் பிரிக்க, கால்களின் அடிப்புறத்து மஞ்சள், கறுப்புப் பட்டைகள் பெரிதும் உதவுகின்றன. பீசிலோதீரியா ரெகாலிஸ் என்றால் அடிவயிற்றின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று ஓடும். முதுகுப்புறப் படத்தில் இவை எதுவும் தெரியாது. அதற்காகச் சிலந்தியைக் கையால் புரட்டிப் பார்க்காதீர்கள். இவற்றின் கடி கடுமையான தசைப்பிடிப்பை உண்டாக்கும்.

முடிவான சான்று இனப்பெருக்க உறுப்புகளில் இருக்கிறது. முதிர்ந்த ஆணுக்கு முன்புறத்துச் சிறு கால் போன்ற உறுப்பின் நுனியில் உள்ள குமிழின் வடிவம். பெண்ணுக்கு விந்துகொள் பையின் வடிவம். இதற்காகப் பெண் சிலந்தியைக் கொல்ல வேண்டியதில்லை என்பதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முதிர்ந்த பிறகும் பெண் தோலுரிக்கும். விந்துகொள் பையின் உள்உறையும் அந்தத் தோலோடு கழன்று வரும். சருகு போல நொறுங்கும் தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அடிவயிற்றுப் பகுதியை மெல்ல விரித்து, முன் ஜோடி நுரையீரல்களுக்கு நடுவில் உருப்பெருக்கியால் பாருங்கள். நகக்கண் அளவுகூட இல்லாத அந்த மடிப்பு முதன்முறை கண்ணில் பட்டபோது எனக்கு மூச்சு நின்று போனது. குட்டிச் சிலந்தியில் இது உருவாகியிருக்காது. அப்போது பேரினப் பெயரோடு நிறுத்துவதுதான் நேர்மை.

பார்த்த இடத்தையும் துல்லியமாகக் குறியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். நீலம் பூத்த பீசிலோதீரியா மெடாலிகாவை 1899இல் விலங்கியலாளர் போகாக் விவரித்தார். மாதிரி கிடைத்தது ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில். அதன் உண்மையான வாழிடம் 2001இல், அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில்தான் தெரியவந்தது. விறகோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும்.

சரியான இடத்தைப் பொதுவில் போடாமல் ஆய்வாளரிடம் மட்டும் கொடுங்கள். வளர்ப்புக்காகப் பிடித்து விற்பவர்கள் இத்தகைய பதிவுகளைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது பொந்தின் வாயருகே, மரத்தடிச் சருகில், உரித்த தோல் கிடக்கிறதா என்று பாருங்கள்.