நெஞ்சுக்கறியைக் குக்கரில் போடாதீர்கள்: சமையல் கேள்வி பதில்

கேள்வி (அர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்கிலிருந்து ஒரு வாசகி): கணவரோடு வேலை செய்கிற அமெரிக்கர் ஒருவர் வேட்டைக்குப் போய்விட்டு வந்து, அலுவலக பார்க்கிங்கில் வைத்து நான்கு மல்லார்டு வாத்துகளை இறகோடு கொடுத்துவிட்டார். இரண்டை நாட்டுக்கோழிக்குச் செய்கிற மாதிரி மசாலா போட்டு குக்கரில் ஆறு விசில் விட்டேன். கால் பரவாயில்லை, நெஞ்சுக்கறி செருப்பாகிவிட்டது, போதாக்குறைக்கு ஈரல் வாசம். மீதி இரண்டும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: மசாலா மேல் பழி போடாதீர்கள், தப்பு குக்கருடையது. கடையில் வாங்கும் வாத்தும் பெரும்பாலும் மல்லார்டின் வம்சம்தான், ஆனால் அது உட்கார்ந்து தின்று கொழுத்தது. உங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பது வடக்கே கனடா பக்கத்துப் புல்வெளிகளில் கோடையைக் கழித்துவிட்டு, குளிர் வந்ததும் மிசிசிப்பி ஆற்றுப் பாதையைப் பிடித்துக் கீழே பறந்துவந்து உங்கள் மாநிலத்தில் தண்ணீர் கட்டிய நெல் வயல்களில் இறங்குகிற இனம். அவ்வளவு தூரம் சிறகடிக்கிற தசைக்குப் பிராணவாயு நிறைய வேண்டும், அதைப் பிடித்துவைக்கிற மயோகுளோபின் அதில் ஏராளம், அதனால்தான் நெஞ்சு கோழியைப் போல வெளுப்பாக இல்லாமல் மாட்டுக்கறி நிறத்தில் இருக்கிறது. உள்ளே கொழுப்பு கிடையாது. நீண்ட நேரம் வேகவைத்தால் இருக்கிற ஈரமும் வெளியேறி, நீங்கள் சொன்ன அந்த ஈரல் வாசம் வந்துவிடும். கால், தொடை கதை வேறு. சவ்வும் நரம்பும் நிறைந்த கறி, நிதானமாக வெந்தால்தான் இளகும். ஆக ஒரே பறவையில் இரண்டு விதமான கறி, இரண்டு விதமான சமையல்.

முதலில் குடல் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் இன்றே எடுத்துவிடுங்கள். இறகை உலர்ந்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, முளைத்திருக்கும் திசையிலேயே இழுத்தால் தோல் கிழியாது. கோழிக்குச் செய்வதுபோல வெந்நீரில் முக்கலாம் என்றால் வாத்து இறகில் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது, எண்ணெய் பூசிய இறகு அது. கடைசியில் நிற்கிற குருத்து இறகுகளை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, பூமுடியை அடுப்புத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவுங்கள், நம் வீட்டு வழக்கம் இங்கே அப்படியே பொருந்தும். வாலுக்கு மேலே ஒரு சிறு முண்டு இருக்கும், இறகுக்குப் பூசும் எண்ணெய் சுரக்கிற இடம் அதுதான். சுற்றியுள்ள கொஞ்சம் தசையோடு சேர்த்து வெட்டி எறியுங்கள், அதை விட்டுவிட்டால் குழம்பே நாறும்.

அடுத்து வாசனைச் சோதனை. காட்டு வாத்தின் நாற்றம் கறியில் இருப்பதைவிடக் கொழுப்பில்தான் அதிகம், அது எதைத் தின்றதோ அந்த வாசம் கொழுப்பில் இறங்கிவிடும். வால் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் நகமளவு கொழுப்பை நறுக்கி, சின்ன வாணலியில் உருக்கி முகர்ந்து பாருங்கள். நெல்லும் ஓக் கொட்டையும் தின்ற மல்லார்டு என்றால் நல்ல வாசமே வரும், தோலோடு சமைக்கலாம். சேற்று வாடையோ மீன் வாடையோ வந்தால் தயங்காமல் தோலையும் கொழுப்பையும் உரித்துவிடுங்கள். அதற்கு மேல் எத்தனை கிராம்பு பட்டை போட்டாலும் அந்த வாடை போகாது.

இனி நெஞ்சுக்கறி. வேட்டைக்காரர்கள் பலர் இதை இரும்புச் சட்டியில் தோல் பக்கம் கீழாக வைத்து மொறுமொறுப்பாக்கி, நடுவில் சிவப்பு மாறாமல் இறக்கிவிடுவார்கள், கேட்டால் அதுதான் ருசி என்பார்கள். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்புக் கணக்கோ எந்தப் பறவைக் கறிக்கும் உள்ளே 74 டிகிரி செல்சியஸ். நான் அரசின் பக்கம், காரணத்தைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன். முழு நெஞ்சை 74 வரை கொண்டுபோனால் ஓரமெல்லாம் காய்ந்துவிடுமே என்பீர்கள். முழுசாகச் சமைக்காதீர்கள், அவ்வளவுதான். 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு கரைத்து, எலும்பிலிருந்து பிரித்த நெஞ்சுக்கறியை அதில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள், கட்டியிருக்கும் ரத்தமும் இறங்கிவிடும். காலையில் துடைத்து, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்துக் கொஞ்சம் இறுகியதும், தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லிசாக நறுக்குங்கள், நெடுக்காக நறுக்கினால் என்ன செய்தாலும் மெல்ல முடியாது. இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வினிகர் பிசறி அரை மணி நேரம். உப்பு வேண்டாம், ஏற்கெனவே ஊறியிருக்கிறது. சட்டி புகைகிற அளவு காய்ந்ததும் எண்ணெய், கறிவேப்பிலை, வதக்கி எடுத்துவைத்த சின்ன வெங்காயம், அப்புறம் கறியைப் பரப்பி இரண்டு மூன்று நிமிடம் விடாமல் புரட்டுங்கள். துண்டு மெல்லிசு என்பதால் உள்ளே சிவப்பு மறைவதற்கும் காய்ந்துபோவதற்கும் நடுவில் ஒரு நிமிடம் கிடைக்கும், அந்த நிமிடத்தில் மிளகைத் தூவி இறக்கிவிட வேண்டும். போனில் பேசிக்கொண்டே செய்கிற சமையல் இல்லை இது.

கால்களையும் எலும்புக்கூட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நெஞ்சை மட்டும் அறுத்துக்கொண்டு மீதியை எறிகிற வேட்டைக்காரர்கள் அங்கே நிறைய, பார்த்தால் வயிறு எரியும். கால்களை வறுத்தரைத்த தேங்காய், மல்லி, மிளகு போட்டு மூடிய சட்டியில் சிறுதீயில் ஒன்றரை இரண்டு மணி நேரம் விடுங்கள், அவசரமென்றால் குக்கர் இதற்குச் சரி. உங்களிடமிருந்து சுமார் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் ஸ்டட்கார்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது, நெல்லுக்கும் வாத்துக்கும் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற ஊர். வாத்து போலக் குரல் கொடுக்கும் உலகப் போட்டி அங்கே 1936-லிருந்து நடக்கிறது, கூடவே வாத்து கம்போ சமைக்கிற போட்டியும். மாவை எண்ணெயில் கருஞ்சிவப்பாக வறுத்து, வெங்காயம், செலரி, குடமிளகாய் சேர்த்து, கறியோடு நெடுநேரம் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது கம்போ. நம் வாய்க்கு உடனே பழகிவிடும்.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. சுட்ட காட்டு வாத்தை அங்கே விலைக்கு வாங்கவோ விற்கவோ கூடாது, பரிசாகத் தரலாம். கொடுப்பவர் வீட்டிலோ வாங்குபவர் வீட்டிலோ கைமாறினால் பிரச்சினையில்லை. பார்க்கிங் மாதிரி வேறு இடமென்றால் வேட்டையாடியவர் பெயர் விலாசம், எத்தனை பறவை, என்ன இனம், சுட்ட தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த தடவை வீட்டுக்கே வந்து கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு காபியும் கொடுத்த மாதிரி இருக்கும்.

கேள்வி (டெக்சாஸ் வாசகர்): கறியில் குண்டு இருந்து பல்லில் பட்டுவிட்டது. ஈயமாக இருந்தால் ஆபத்தா?

பதில்: அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதல் தடை, குளத்தடியில் கிடக்கிற குண்டைப் பொறுக்கித் தின்று வாத்துகள் செத்ததால் வந்த தடை அது. இப்போது பெரும்பாலும் எஃகு. ஈயத்துக்குப் பயப்படுவதைவிடப் பல்லுக்குப் பயப்படுங்கள், எஃகு விட்டுக்கொடுக்காது. நறுக்குமுன் கறியை வெளிச்சத்தில் பாருங்கள், கருநீலமாகக் கன்றிய சின்ன ஓட்டை தெரிந்தால் கத்தி முனையால் கிளறுங்கள். குண்டோடு ஒரு துளி இறகும் உள்ளே போயிருக்கும், அதையும் எடுக்காவிட்டால் அந்தத் துண்டு கசக்கும். எஃகு என்றால் காந்தத்தைக் கறிமேல் மெல்ல ஓட்டினாலும் அகப்படும். ஈயத்துக்குப் பதிலாக வருகிற இன்னொரு உலோகமான பிஸ்மத்தில் செய்த குண்டு காந்தத்துக்கு மசியாது, அதற்கு விரல்தான்.

கேள்வி (டொரண்டோ வாசகி): பறவைக் காய்ச்சல் பயத்தில் அண்ணன் கொண்டுவரும் வாத்தைத் தொடவே மனம் வரவில்லை.

பதில்: பயத்தில் நியாயம் இருக்கிறது, அந்தக் காய்ச்சலின் H5N1 கிருமி வட அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடையே சில வருடங்களாகவே சுற்றுகிறது, வாத்து பார்வைக்கு நோயில்லாமல் இருந்தும் கிருமியைச் சுமக்கும். அதனால்தான் மேலே 74 டிகிரி என்றேன், அந்தச் சூட்டில் கிருமி பிழைக்காது. சமைத்த கறியைவிட இறகு பிடுங்குகிற, குடல் எடுக்கிற வேலையில்தான் கவனம் வேண்டும். அதை வெளியில் செய்யச் சொல்லுங்கள், கையுறையும் முகக்கவசமும் போட்டு, இடையில் தின்னாமல் குடிக்காமல். பச்சைக் கறித் துணுக்கைப் பூனைக்கோ நாய்க்கோ போடவே கூடாது, பூனைகள் இந்தக் காய்ச்சலில் செத்திருக்கின்றன. தடுமாறி நின்ற, நோய்ப்பட்ட பறவையைச் சுட்டு எடுத்துவந்தால் அண்ணன் என்று பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): எங்கள் குளத்தில் தை மாதம் வாத்து வந்து குவிகிறது. ஒன்றிரண்டு பிடித்தால் என்ன?

பதில்: வழக்கு வரும், அதுதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீலச்சிறகியோ ஊசிவால் வாத்தோ எதையும் பிடிக்க முடியாது. உங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள், நீங்கள் வலை விரிக்கிறேன் என்கிறீர்கள். வாத்துக்கறிதான் வேண்டுமென்றால் அறுவடை வயலில் மேய்ச்சல் வாத்து ஓட்டிவருபவர்களிடம் வாங்குங்கள். முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையாக இருந்தால் கறி முற்றியிருக்கும், அதற்குக் குக்கர் தாராளமாக வைக்கலாம். மசாலாவில் தேங்காயைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள், கொழுப்பு தானே இறங்கும், எண்ணெய் ஒரு கரண்டி போதும்.