காலையில முன் மூலை இறங்கிக் கிடக்கிற ரேஞ்ச் ரோவர்: வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா முன் இடது மூலையில இருக்கிற காற்று லீக்கைத் திருத்தின பிறகுதான் காசைக் குடுங்கோ. 1998 பி38ஐ (ரெண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர்) வித்து 2007 எல்322 (மூண்டாம் தலைமுறை) எடுக்கப் போறன், அதைக் கிளிநொச்சியில ஒரு இரவு நிப்பாட்டி வைக்க முன் இடது மூலை மட்டும் இறங்கிப்போச்சு எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

பெரும்பாலும் எயார் பாக்கின்ர, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா வாகனத்தைத் தாங்கிற காற்றுப் பையின்ர, ரப்பர் மடிப்பில வெடிப்புத்தான். பாக் உருளுற அந்த மடிப்புக்குள்ள எங்கட கிரவல் தூசி அடைஞ்சு, ரப்பரை அராவிக்கொண்டே இருக்கும்.

வாகனத்தை முழு உயரத்துக்கு எழுப்பி, ஸ்ரீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டிப்போட்டு, சவர்க்காரத் தண்ணியை மடிப்பிலயும் மேல காற்றுக் குழாய் பூட்டுற இடத்திலயும் விசிறுங்கோ. குமிழி ஊசிமுனை அளவுதான் இருக்கும், ஆனா விடாம வரும். அவசரப்படாமல் நிண்டு பாருங்கோ. குழாய்ப் பூட்டில வந்தா செலவு சொற்பம்.

பிறகு பின்னால ஸ்பெயார் சில்லுக் குழியைத் திறந்து பாக்குகளுக்குக் காற்றடிக்கிற கொம்பிரசரைக் கவனியுங்கோ. லீக்கை ஈடுகட்ட ஓடியோடியே அது எரிஞ்சுபோகும். வாகனம் எழும்பக் கனநேரம் எடுத்தா, அதின்ர விலையையும் கழிச்சுப் பேசுங்கோ.

நாலு மூலையும் ஒரேயளவாக் கொஞ்சம் இறங்கினா பயமில்லை, நிப்பாட்டி வைச்சாலும் அது தானே மட்டம் பாக்கிற வாகனம்.

ஒண்டு மட்டும்: காற்றை நம்பிக் கீழ பூராதேங்கோ. முதல்ல ஜாக் ஸ்ராண்ட் (வாகனத்தைத் தாங்கிற இரும்புக் கால்) வையுங்கோ.