கிழங்கு வத்தல்: வேகவைக்கணுமா வேணாமா? கேள்வி பதில்

ரங்கூன்ல இருந்து: அக்கா, ஷான் மாநிலத்து ஹெஹோ ஊரு உருளைக்கிழங்க சீவி வெயில்ல போட்டேன், சாயங்காலத்துக்குள்ள கருத்துப்போச்சு. வேகவைச்சுத்தான் போடணுமா?

பதில்: முழுசா வேணாம். சீவின உடனே தண்ணி தெளியுற வரைக்கும் அலசுங்க, மேல இருக்கிற மாவு போகலன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் தளதளன்னு கொதிக்கிற தண்ணில 2, 3 நிமிஷம் விட்டு, ஓரம் கண்ணாடியா தெரிஞ்சதும் எடுத்து பச்சத்தண்ணில போட்டுருங்க. கருக்க வைக்கிற என்சைம் அதுல செத்துரும், செல்லோட சவ்வும் உடையிறதால உள்ள இருக்கிற தண்ணி சுலபமா வெளிய வந்து சீக்கிரமே காஞ்சுரும். ரொம்ப வேகவிட்டா மாவு பசையாகி மேல தோல் கட்டிக்கும், வெளிய மொடமொடன்னு இருக்கும் உள்ள ஈரம் நிக்கும், அப்புறம் பூசணம்தான்.

அவங்களே: உப்பு?

பதில்: ருசிக்கு மட்டும். கூடுனா மழைக்காலத்துல நமுத்துரும்.

தட்டோன்ல இருந்து: மரவள்ளிக்கும் இதேதானா அக்கா?

பதில்: ஐயோ, அதுக்கு அவசரமே ஆகாது தம்பி. மரவள்ளில சயனைடு விஷத்தைக் கொடுக்கிற லினமரின்னு ஒண்ணு இருக்கு, அதை உடைக்கிற என்சைமும் அதே கிழங்குல தனியா இருக்கு, நசுக்கும்போதுதான் ரெண்டும் சேந்து சயனைடு ஆவியா வெளிய போகுது. எடுத்த எடுப்புல கொதிதண்ணில போட்டா என்சைம் செத்துரும், லினமரின் நிறைய அப்படியே தங்கிரும். மெல்லிசா சீவி சூடான டிரையர்ல வேகமா காயவச்சாலும் அதே கததான், ஈரம் போயிட்டா என்சைம் வேலை செய்யாது. கசப்பு ரகம்னா தோல உரிச்சு, 3 நாள் தண்ணில ஊறப்போட்டு, மெத்துன்னு ஆனதும் தண்ணிய கொட்டிட்டு பிசைஞ்சு பிழிஞ்சு காயப்போடுங்க. நாத்தம் வரும், வரட்டும்.

மோல்மேன்ல இருந்து: வெள்ளையா இருக்க சல்பைட் பவுடர் போடச் சொல்றாங்களே?

பதில்: கொதிதண்ணி வைத்தியம் செஞ்சா வீட்டுக்கு அது எதுக்குங்க? ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மூச்சு இழுத்துரும். கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க போதும்.

பெகுல இருந்து: சின் மலைல வாஊவ (சேனை மாதிரி ஒரு கிழங்கு) பச்சையாவே சீவி காயவைக்கிறாங்களே, சேனையையும் அப்படிப் போடலாமா?

பதில்: வாஊ ஃபேக்டரிக்கு போற சரக்கு, அதுல முக்கியமா இருக்கிறது குளுக்கோமன்னன்ங்கிற நார்ச்சத்து, மாவு கிடையாது. நம்ம சேனைய புளித்தண்ணில வேகவச்சு, தண்ணிய கொட்டிட்டு காயப்போடுங்க, இல்லாட்டி நாக்கு அரிக்கும்.

ரங்கூன்ல இருந்து: காஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?

பதில்: ஆறினதும் ஒடச்சுப் பாருங்க, வளையாம டப்புன்னு ஒடியணும். கண்ணாடி பாட்டில்ல முக்கால்வாசி போட்டு ஒரு வாரம் தெனம் குலுக்குங்க, உள்பக்கம் வேர்த்துச்சுன்னா திரும்பவும் வெயில்தான்.