காசாவுக்கு ஜெபிக்கிறோம், வாய்க்காலைத் தாண்ட மாட்டோமா?

கேள்வி: எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலியில் மன்றாட்டு வாசிப்பது நான்தான். காசாவுக்கும் உக்ரைனுக்கும் தவறாமல் ஜெபிக்கிறோம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் படும் பாட்டைப் பற்றிக்கூட ஃபாதர் பிரசங்கம் வைத்தார். ஆனால் திருவிழாச் சப்பரம் வாய்க்கால் மதகோடு திரும்பிவிடும், அந்தப் பக்கம் உள்ள தலித் தெருவுக்குப் போகாது. திருவிழா கமிட்டியில் இருக்கும் என் அப்பாவிடம் கேட்டால், "அவங்ககிட்ட நாம திருவிழா வரி வாங்குறதில்லை, அதான் போறதில்லை, இருக்கிற ஒற்றுமையைக் கெடுக்காதே" என்கிறார். மன்றாட்டு வாசிக்கவே கூசுகிறது. நிறுத்திவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், மயிலாடுதுறை பக்கம்

பதில்: அன்புத் தங்கைக்கு, நிறுத்தாதீர்கள். காசாவில் திருக்குடும்ப ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களைப் போப் பிரான்சிஸ் 2023 அக்டோபரிலிருந்து கிட்டத்தட்ட தினமும் போனில் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றுகூட விசாரித்தார், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் விடவில்லை. முகம் தெரியாத ஜனங்களுக்காக மனசு வலிப்பது வேஷம் இல்லை. உங்களுக்குக் கூசுகிறதே, அது அந்த ஜெபம் உங்களுக்குள் வேலை செய்வதால்தான்.

அப்பா சொல்லும் "ஒற்றுமை"க்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் ஒரு முடிவு எடுத்தது. எல்லா நிறத்தாரும் ஒரே இடத்தில் வழிபடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, "சிலருடைய பலவீனத்தை" முன்னிட்டுத் தனித்தனியே வழிபடலாம் என்று அனுமதித்தது. பலவீனம் என்றால், கறுப்பினத்தவரோடு ஒன்றாக நற்கருணை வாங்க மனம் வராத வெள்ளையர்களின் பலவீனம். அப்போதைக்குச் சின்னச் சலுகைதான். அதுவே பிறகு தனிச் சபையாகி, கடைசியில் நிறவெறிச் சட்டங்களுக்கே வேத நியாயம் சொல்லும் அளவுக்குப் போனது. அது தப்பு என்று 1982இல் அதே நாட்டிலுள்ள பெல்ஹாரில் விசுவாச அறிக்கை எழுதியது யார் தெரியுமா, அப்படிப் பிரித்து ஒதுக்கப்பட்ட சபைதான்.

இந்தக் கதை நம் மண்ணில் அதற்கும் முன்னாலேயே நடந்திருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் மிஷனுக்காகத் தஞ்சாவூர்ச் சீமையில் ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்தவர் ராஜநாயக்கன், பறையர் சமூகத்தில் பிறந்த உபதேசியார். 1741இல் அடுத்த குருவாக யாரை அபிஷேகம் செய்வது என்று பார்த்தபோது, இவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிமார் யோசித்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் உழைப்பில் யாரும் குறை சொல்லவில்லை. அன்றைக்கும் சபை உடையக் கூடாது என்பதுதான் காரணம். அந்த ஒற்றுமைக்கான விலையை ராஜநாயக்கன் கொடுத்தார், இன்றைக்கு உங்கள் ஊரில் மதகுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் கொடுக்கிறார்கள்.

நிறவெறி வேறு, ஊர் வழக்கம் வேறு என்பார் அப்பா. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு தலித் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தியதும் கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான் என்று ஒத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்தது நமக்குப் புரியாதா?

அப்புறம் அந்த வரி விஷயம். வரி வாங்குவதில்லை என்பதை ஏதோ சலுகை மாதிரி சொல்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. வரி கொடுத்தால் கமிட்டியில் இடம் கேட்பார்கள், கணக்குக் கேட்பார்கள், சப்பரம் தூக்கத் தோள் கொடுப்பார்கள். வாங்காமல் விட்டால் அந்தப் பேச்சே எழாது. வழி அடைபட்டிருப்பது மதகில் இல்லை, ரசீது புத்தகத்தில்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அந்தத் தெருவுக்குப் போங்கள். காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாகு என்று மத்தேயு 5இல் இயேசு சொல்லும்போது, உனக்கு யார்மேல் குறை என்று கேட்கவில்லை, யாருக்கு உன்மேல் குறை என்றுதான் கேட்கிறார். அதனால் அங்குள்ள அன்பியத்தில், அதாவது அந்தத் தெருக்காரர்கள் கூடும் சிறு ஜெபக் குழுவில் உட்கார்ந்து, அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். சப்பரத்தைவிடக் கல்லறைத் தோட்டத்தில் இடமோ பங்குப்பேரவையில் ஆளோ அவர்களுக்குப் பெரிதாக இருக்கலாம். அவர்களுக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், அவர்களை மீறி முன்னால் ஓடவும் வேண்டாம், ஏதாவது தகராறு என்றால் அடி அவர்களுக்குத்தான் முதலில் விழும்.

அப்பாவிடம் வீட்டில் தனியாகப் பேசுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம். மன்றாட்டில் காசாவுக்கு அடுத்த வரியாக, நம் ஊரில் நாம் ஒதுக்கிவைத்த சகோதரர்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிச்சலுக்காக மன்றாடுவோம் என்று சேர்க்க ஃபாதரிடம் அனுமதி கேளுங்கள். வரியை எல்லாத் தெருவிலும் வாங்க வேண்டும் என்று, கொடியேற்றத்துக்கு வெகு முன்னாலேயே, அந்தத் தெருவார் சம்மதத்தோடு பங்குப்பேரவைக்கு எழுதிக் கொடுங்கள். வழக்கத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தால், திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை இருக்கிறது, அதில் ஒரு பிரதியை மனுவோடு இணைத்து ஆயர் இல்லத்துக்கு அனுப்புங்கள்.